உருக்கினால் செய்கூலி போகும்

கடைகளில் வாங்கும் பொட்டலங்கள் பலவற்றின் பின்புறத்தில், மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்தும் முக்கோணக் குறி இடம்பெறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் ‘இத்தனை டன் குப்பை மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்று அறிவிக்கின்றன. சிமென்ட் ஆலைகள் தங்கள் உலைகளில் பிளாஸ்டிக் கழிவை எரிப்பதையும் அதே சொல்லால்தான் விளம்பரம் செய்கின்றன. பழைய புட்டியில் பணச்செடி வளர்ப்பதும் மறுசுழற்சி. அந்தப் புட்டியை உடைத்து உருக்குவதும் மறுசுழற்சி. குப்பையைக் கொளுத்தி மின்சாரம் எடுப்பதும் மறுசுழற்சி. ஒரே சொல் இத்தனை வேலைகளைச் செய்யும்போது அவற்றுள் எது நடந்தது, எதற்குப் பணம் கொடுத்தோம் என்று கேட்பவருக்குக் கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது. பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்தவன் என்ற முறையில் எனக்கு உறுத்துவது இதுதான்.

முதலில் அந்த முக்கோணத்தையே எடுத்துக்கொள்வோம். 1970-இல், முதலாவது புவி நாள் கொண்டாடப்பட்ட ஆண்டில், அமெரிக்க அட்டைப்பெட்டி நிறுவனம் ஒன்று நடத்திய போட்டியில் கேரி ஆண்டர்சன் என்ற கல்லூரி மாணவர் வரைந்த குறி அது. காகிதத்துக்காகப் பிறந்தது. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் அதை ஒத்த முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களை இட்டு, எந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அடையாளம் காட்டத் தொடங்கியது. 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட். 5 என்றால் பாலிபுரொப்பிலீன். 7 என்றால் மற்றவை. அவ்வளவே. அந்த எண் பொருளின் குலத்தைச் சொல்கிறது. அதன் எதிர்காலத்தைச் சொல்வதில்லை. ஆனால் அம்புகளைப் பார்த்த மக்கள், ‘இது எங்கோ மீண்டும் பொருளாகும்’ என்றே எண்ணினர். இந்தக் குழப்பத்தைக் குறைக்கவே 2013-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அம்புகளை நீக்கிவிட்டு வெறும் முக்கோணத்தை வைத்துக்கொள்ளச் சொன்னது. பழைய அச்சுகள் உலகெங்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

‘மறுசுழற்சிக்கு உகந்தது’ என்பதும் ‘மறுசுழற்சி செய்யப்பட்டது’ என்பதும் ஒன்றல்ல. முன்னது தகுதி; பின்னது நிகழ்வு. மருத்துவக் கல்லூரிக்குத் தகுதி பெற்றவர்கள் எல்லோரும் மருத்துவராகிவிடுவதில்லை அல்லவா? 2017-இல் வெளியான, இன்று பரவலாக எடுத்தாளப்படும் ஓர் ஆய்வின் கணக்குப்படி, 2015 வரை உலகில் உருவான ஏறத்தாழ 630 கோடி டன் பிளாஸ்டிக் கழிவில் 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சி செய்யப்பட்டது. 12 விழுக்காடு எரிக்கப்பட்டது. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் இயற்கைச் சூழலிலும் கிடக்கிறது. கிடப்பவற்றுள் பெரும்பகுதி தகுதி பெற்றவைதாம்.

சொற்களைப் பிரித்தறிய நமக்கு வெளிநாட்டுப் பாடநூல் தேவையில்லை. நகைக்கடைக்குப் போய்வந்த அனுபவமே போதும். பாட்டியின் சங்கிலியைப் பேத்தி அப்படியே அணிந்துகொண்டால் அது மறுபயன்பாடு. கொக்கி அறுந்திருந்தால் பொற்கொல்லரிடம் கொடுத்துப் பற்றவைத்து அணிவது பழுதுநீக்கம். மங்கியதை மெருகேற்றி, கல் மாற்றிப் பதித்து வாங்குவது புதுப்பித்தல். சங்கிலியை உருக்கி வளையலாக்குவதுதான் மறுசுழற்சி. இந்த நான்காவதில் தங்கம் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் முன்பு கொடுத்த செய்கூலி திரும்பக் கிடைப்பதில்லை. புதிய நகைக்கு இன்னொரு முறை செய்கூலி கொடுக்க வேண்டும், சேதாரமும் கழியும். இது தெரிந்ததால்தான், நெருக்கடி வந்தாலொழிய நம் வீட்டுப் பெண்கள் நகையை உருக்கச் சம்மதிப்பதில்லை.

தங்கத்தில் உலோகத்தின் விலை பெரிது, செய்கூலி சிறிது. மற்றப் பொருள்களில் இந்த விகிதம் தலைகீழ். ஒரு கைப்பேசியில் உள்ள தங்கம், செம்பு, அலுமினியம் அனைத்தையும் பிரித்தெடுத்து விற்றால் கிடைப்பது அதன் விலையில் மிகச் சொற்பம். விலையின் பெரும்பகுதி செய்கூலி: வடிவமைத்தவர் உழைப்பு, சில்லு உருவாக்கிய ஆலையின் மின்சாரம், தூய நீர், போக்குவரத்து. கைப்பேசியைப் பிரித்து உருக்குகிறவர் இவையனைத்தையும் கைவிட்டுவிட்டு உலோகத்தை மட்டும் மீட்கிறார். ஆகவே மறுசுழற்சி என்பது பொருளின் செய்கூலியை இழக்கச் சம்மதிப்பது. வேறு வழியில்லாதபோது அது நல்ல காரியம்; முதல் வழியாக எடுத்துக்கொண்டால் வீண்செலவு. நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் 1979-இல் ஆட் லான்சிங்க் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் இதையே ஏணியாக வைத்தது. கழிவைத் தவிர்ப்பது மேற்படி. மறுபயன்பாடு, மறுசுழற்சி, எரித்து ஆற்றல் பெறுவது என்று கீழிறங்கிப் புதைப்பது கடைசிப் படி. இன்று பல நாட்டுச் சட்டங்களில் இருப்பது அந்த ஏணியின் நகல்தான்.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. கலைச்சொல்லாக்கத்தில் ‘மறு’ என்ற முன்னொட்டு எளிதாகக் கிடைத்துவிட்டதால், எல்லாவற்றையும் அதில் அடைத்துவிட்டோம். ஆனால் தெருவில் புழங்கிய தமிழ் இப்படி இருந்ததில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள். அம்மியைக் கொத்துவார்கள். மெத்தைப் பஞ்சை அடித்துத் திரும்பத் தைப்பார்கள். குடையைக் கம்பி மாற்றிக் கட்டுவார்கள். டயருக்கு ஒட்டுப் போடுவார்கள். லாரிக்காரர்கள் தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஏற்றுவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனி வினைச்சொல், தனிக் கூலி, தனி ஆள். இவற்றிலிருந்து முற்றிலும் வேறாக, பழைய இரும்புக்கும் பித்தளைக்கும் பேரீச்சம்பழம் கொடுத்தவர் வேறொரு தொழில் செய்தார். அவரிடம் போனது உருக்கத்தான் போனது என்பது குழந்தைக்கும் தெரியும். எனவேதான் ஈயம் பூசத் தகுந்த பாத்திரத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்ட பிள்ளைக்கு வீட்டில் அடி விழுந்தது.

மின்விசிறிக்குக் காயில் கட்டும் கடை எதற்கேனும் ஒருமுறை சென்று பாருங்கள். இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே மேசையில் கிடக்கும். மோட்டாரின் காயில் எரிந்துபோய் விசிறி நின்றுவிட்டது. கடைக்காரர் அதைத் திறந்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டி எடுத்து ஒரு சாக்கில் போடுகிறார். அந்தச் செம்பு எடைக்குப் போய் உருக்கப்படும்: மறுசுழற்சி. விசிறியின் கூடு, தண்டு, இறக்கைகள் அப்படியே இருக்கின்றன: மறுபயன்பாடு. வேறொரு செத்த விசிறியிலிருந்து கழற்றி வைத்திருந்த பேரிங்கை இதில் பொருத்துகிறார்: உதிரிப்பாகத்தின் மறுபயன்பாடு. புதுக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துத் திருப்பித் தருகிறார்: விசிறியைப் பொறுத்தவரை இது பழுதுநீக்கம். சில கிலோ எடையுள்ள பொருளில் உருக்கப்போனது கருகிய கம்பி மட்டுமே. மற்ற எல்லாவற்றின் செய்கூலியும் காப்பாற்றப்பட்டது. இந்தக் கடைக்காரரின் பணி எந்த மாநகராட்சிப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. ஏனெனில் அவர் கைக்கு வந்த பொருள் ‘கழிவு’ ஆகவே இல்லை. கழிவாகாமல் தடுக்கப்பட்ட எடையை எந்தத் தராசில் நிறுப்பது?

இதைச் சொல்லும்போது எதிர்வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் இழுக்கிறது; இப்போது வரும் பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாளொன்றுக்கு 10 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் ஓர் ஆண்டில் 135 யூனிட் மிச்சம். விசிறி இன்னும் பத்தாண்டு ஓடுமென்றால் பழையதை மீண்டும் மீண்டும் காயில் கட்டுவது சிக்கனமா என்று கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். நாற்காலி, பாத்திரம், புத்தகம், சைக்கிள் போன்றவற்றுக்கு இந்தக் கேள்வி எழாது. ஓடும்போது மின்சாரமோ எண்ணெயோ தின்னும் பொருளுக்கு எழும். ஏணியின் மேற்படி எப்போதும் சரி என்பது மதவாதம், கணக்கு அன்று. ஆயினும், எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கையே போட முடியும்.

மறுசுழற்சிக்குள்ளும் படிகள் உண்டு. அலுமினியப் பாத்திரத்தை உருக்கினால் மீண்டும் அலுமினியமே கிடைக்கிறது. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய 5 விழுக்காடு போதும். கண்ணாடியும் அப்படியே மீளும். காகிதத்தின் நார் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகிக்கொண்டே வருவதால் சில சுற்றுகளுக்குப் பின் அது தாளாக நிற்காது. வெள்ளைத்தாள் செய்தித்தாளாகி, அட்டையாகி, முட்டைத் தட்டாகி முடியும். தண்ணீர் பாட்டிலைத் துகளாக்கிப் பாலியெஸ்டர் நூலாக்கிச் சட்டை நெய்யலாம். அந்தச் சட்டை பெரும்பாலும் மறுபடி பாட்டிலாவதில்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளில் ஒரு பகுதி மீண்டும் பஞ்சாக்கப்பட்டுக் கழிவுப்பஞ்சு நூற்பாலைகளில் தடித்த நூலாகிறது. அதிலிருந்து போர்வையும் கால்மிதியும் வருகின்றன. இன்னொரு பகுதி ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் பட்டறைகளுக்குக் கிரீஸ் துடைக்கப் போகிறது. முதலாவது மறுசுழற்சி, இரண்டாவது மறுபயன்பாடு. ஏணிப்படி இரண்டாவதே மேல். ஆனால் ஒரே துடைப்பில் துணி முடிந்துபோகிறது. இப்படிப் படிப்படியாகத் தாழ்ந்துபோவதைக் குறிக்க, 1990-களில் ஜெர்மானியப் பொறியாளர் ரெய்னர் பில்ஸ் ஒரு சொல்லை வழங்கினார். தமிழில் தரமிறங்கு சுழற்சி எனலாம். இறங்கினாலும் பயன் பயன்தான். அதை ‘வட்டம்’ என்று சொல்லாமல் ‘படிக்கட்டு’ என்று சொன்னால் நேர்மையாக இருக்கும்.

வட்டம் என்று சொல்லும்போது சேதாரம் மறைந்துவிடுகிறது. ஒரு பொருள் ஒவ்வொரு சுற்றிலும் 90 விழுக்காடு மீள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு அருமையான எண். ஐந்து சுற்று முடிந்தால் கையில் இருப்பது 59 விழுக்காடு. 70 விழுக்காடு மீள்வதாகக் கொண்டால் ஐந்தாம் சுற்றில் எஞ்சுவது 17. கூட்டுவட்டி கடன்காரனை எப்படி விழுங்குகிறதோ அதே கணக்குத்தான், திசை மட்டும் வேறு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். பொதுப்பேச்சைவிட நம் சட்டம் தெளிவாகவே இருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பிரித்தெடுத்த பிளாஸ்டிக் கழிவைப் புதிய பொருளாகவோ புதிய பொருளுக்கான மூலப்பொருளாகவோ மாற்றுவதே மறுசுழற்சி. உற்பத்தியாளர் தன் உறைகளுக்குக் கடைசிவரை பொறுப்பேற்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகள் இன்னொரு வகையைத் தனியே பிரித்தன: ஆயுள் முடிவு அகற்றல். கழிவை எரித்து ஆற்றல் பெறுவது, சிமென்ட் உலையில் இடுவது, எண்ணெயாக்குவது, சாலை போடப் பயன்படுத்துவது ஆகிய நான்கும் அதில் அடக்கம். மறுசுழற்சி செய்ய இயலாதவற்றுக்கு மட்டுமே அந்த வழி.

சாலையும் அதில் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கி, 2018-இல் பத்மஸ்ரீ பெறக் காரணமாக இருந்த முறை அது. சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகளைத் தூவினால் அது உருகி மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கிறது. எடுப்பார் இல்லாத பாலித்தீன் உறைகளுக்கு ஒரு பயன் கண்ட சிறந்த கண்டுபிடிப்பு. அதை நாம் மறுசுழற்சி என்றே எழுதிவருகிறோம். ஆனால் சாலைக்குள் போன பிளாஸ்டிக் மறுபடி பிளாஸ்டிக்காக வெளியே வராது. அதன் கடைசிப் பயணம் அது. சட்டம் அதற்குச் சரியான பெயரைத்தான் கொடுத்திருக்கிறது. அந்தப் பெயரால் கண்டுபிடிப்பின் பெருமை குறையவும் இல்லை.

எரிப்பதில்தான் சொல்லின் விலை அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவுச் சட்டகம், எரித்து ஆற்றல் பெறுவதையும் எரிபொருளாக மாற்றுவதையும் மறுசுழற்சியில் சேர்க்கக் கூடாது என்று வெளிப்படையாகவே விலக்குகிறது. நம் விதிகளும் பிரிக்கின்றன. ஆயினும் குப்பை எரி உலைகளைப் பற்றிய அறிவிப்புகளில் ‘மறுசுழற்சி’, ‘குப்பையிலிருந்து வளம்’ போன்ற சொற்களே முன்னே நிற்கின்றன. கொடுங்கையூரில் எரி உலை அமைக்கும் திட்டத்தை வடசென்னை மக்கள் எதிர்த்தபோது அவர்கள் கேட்டவை புகை, சாம்பல், மூச்சு பற்றிய கேள்விகள். மறுசுழற்சி நிலையம் என்றால் அந்தக் கேள்விகள் எழாது; எரி உலை என்றால் எழும். ஒரு திட்டத்துக்கு மக்களின் சம்மதத்தைப் பெறுவதில் சொல்லுக்கு இத்தனை பங்கு இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் கவனமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அதில் பொருளாதாரமும் இருக்கிறது. எரி உலை பெரும் முதலீடு. அதற்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தீனி வேண்டும். நன்றாக எரிவது காய்ந்த காகிதமும் பிளாஸ்டிக்கும். குப்பை பொறுக்குவோரும் பழைய பேப்பர் கடைக்காரரும் பிழைப்பு நடத்துவதும் அதே காகிதத்தாலும் பிளாஸ்டிக்காலும்தான். இரண்டும் ஒரே பொருளுக்குப் போட்டியிடுகின்றன. எரிப்பதற்கு மறுசுழற்சி என்று பெயர் வைத்தால் இந்தப் போட்டியே கண்ணுக்குத் தெரியாது. ஒரு மறுசுழற்சி இன்னொரு மறுசுழற்சியாக நவீனமானது போலத் தோன்றும். நம் நகரங்களில் காகிதமும் புட்டியும் இரும்பும் இந்த அளவுக்காவது மீண்டும் பொருளாவது, பெயரும் காப்பீடும் இல்லாத இவர்களின் கைகளால்தான்.

மறுபயன்பாடு என்ற சொல்லிலும் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. ஒரு பொருள் எந்த நோக்கத்துக்காக உருவானதோ அதே நோக்கத்துக்கு மீண்டும் பயன்படுவதையே ஐரோப்பியச் சட்டகம் மறுபயன்பாடு என்கிறது. நம் 2022 நெறிமுறைகள், வடிவத்தை மாற்றாமல் அதே நோக்கத்துக்கோ வேறு நோக்கத்துக்கோ பயன்படுத்தலாம் என்கின்றன. பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி வைத்தால் பிரஸ்ஸல்ஸில் அது மறுபயன்பாடு ஆகாது; பெரம்பூரில் ஆகும். நம் வரையறை நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வாளியில் செடி வைத்ததால் தொழிற்சாலையில் செய்யப்படும் அடுத்த வாளி குறையவில்லை. பெயின்ட் வாளி பெயின்ட் நிரப்பத் திரும்பிப்போனால்தான் குறையும்.

அப்படித் திரும்பிப்போகும் பொருள்கள் நம்மிடம் உண்டு. கோலி சோடா புட்டியை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இன்றைய எடுத்துக்காட்டு, வீட்டு வாசலில் மாற்றிக்கொள்ளும் 20 லிட்டர் தண்ணீர் கேன். 2022 நெறிமுறைகள் 4.9 லிட்டரும் அதற்கு மேலும் கொள்ளும் கெட்டியான கொள்கலன்களில் 70 விழுக்காட்டை 2025-26 முதல் மறுபயன்பாடு செய்ய வேண்டும் என்று நிர்ணயித்தன. ஏற்கெனவே வாழ்க்கையில் இருப்பதைத்தான் விதி எழுதிவைத்தது. 0.9 லிட்டருக்கும் 4.9 லிட்டருக்கும் இடைப்பட்டவற்றுக்கு அது 10 விழுக்காடு. அதற்கும் சிறியவற்றுக்கு இலக்கே இல்லை. தெருவோரச் சாக்கடையை அடைப்பது 20 லிட்டர் கேனா, ஒரு ரூபாய் ஷாம்பு உறையா என்று நான் கேட்க வேண்டியதில்லை.

புட்டியைத் திரும்ப வரவைப்பது எப்படி என்பதற்கு விடை நீலகிரியில் கிடைத்தது. காடுகளில் உடைந்து கிடந்த மதுப்புட்டிகள் யானைகளின் கால்களைக் கிழிப்பது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்ததன் தொடர்ச்சியாக, 2022-இல் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் புட்டிக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் புட்டியைத் திருப்பினால் அதைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. பெரும்பாலான புட்டிகள் திரும்பி வந்தன. திட்டம் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது. எந்த விழிப்புணர்வுப் பேரணியும் செய்யாததைப் பத்து ரூபாய் செய்தது. இங்கும் சொல்லை விட்டுவிடக் கூடாது: திரும்பி வந்த புட்டி கழுவி நிரப்பப்பட்டால் மறுபயன்பாடு, உடைத்து உலையில் போட்டால் மறுசுழற்சி. அந்த உலை 1,400 பாகை செல்சியஸ் அளவுக்குக் கொதிக்க வேண்டியது. வைப்புத்தொகை வரை வெற்றி என்று அறிவித்துவிட்டு அடுத்த கட்டத்தைக் கேட்காமல் விடுகிறோம்.

2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தின் பெயரில் என்னைக் கவர்ந்தது ‘மீண்டும்’ என்ற சொல்தான். பருத்தி விளைவிக்க நீரும் உரமும் அதிகம். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் செய்த ஆய்வு, பருவநிலைத் தாக்கத்தை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பையை 50 முறைக்கு மேல் பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. மற்றத் தாக்கங்களையும் சேர்த்தால் எண் பன்மடங்கு ஏறுகிறது. நம் பழைய மஞ்சப்பை கிழியும்வரை உழைத்ததால் இந்தக் கணக்கில் தேறிவிடும். கருத்தரங்குதோறும் விருந்தினருக்குப் புதிதாக ஒன்று கொடுத்து, அவை அலமாரியில் அடுக்கடுக்காக உறங்கினால் தேறாது. மறுபயன்பாட்டுக்கு உகந்த பை வேறு. மறுபயன்பாடு செய்யப்பட்ட பை வேறு.

‘மக்கும்’ என்ற சொல் பற்றியும் ஒரு வரி. ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று சான்று பெறும் பைகள், 50 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் நிலைக்கும் தொழில்முறை உரக்கூடங்களில் மக்குவதற்காகச் சோதிக்கப்பட்டவை. வீட்டுத் தோட்டக் குழியில் அவை வாழைத்தோல் போல மக்கும் என்று நம்பிப் போடுபவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

சொற்களைப் பிரித்துவைத்த சட்டமும் எண்ணும்போது ஒரு பிழை செய்கிறது: எல்லாவற்றையும் எடையால் எண்ணுகிறது. 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த, ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான விதிகள் உற்பத்தியாளரின் கடமையை எஃகின் அளவைக் கொண்டே கணக்கிடுகின்றன. சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து, கியர்பெட்டி தனியாக, கதவு தனியாக, விளக்கு தனியாக இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுக்க விற்கும் கடைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. ஒரு கியர்பெட்டி மீண்டும் கியர்பெட்டியாக ஓடினால் காப்பாற்றப்படும் செய்கூலி மிகப் பெரிது. ஆனால் சான்றிதழ் கிடைப்பது அதை உருக்கி எஃகாக்கினால்தான். மின்னணுக் கழிவு விதிகள், 2022 இந்த வகையில் சற்று மேல்: பழுதுநீக்கிப் புதுப்பித்த பொருளுக்கும் ஒரு சான்று தந்து, அந்த அளவுக்கு உற்பத்தியாளரின் மறுசுழற்சிக் கடமையைத் தள்ளிவைக்கின்றன. ஆனால் அங்கும் மறுசுழற்சிச் சான்று தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களின் எடைக்கே. எதற்குச் சான்றிதழோ அதற்குச் சந்தை; எதற்குச் சந்தையோ அதற்கு ஆலை. காயில் கட்டும் கடைக்குச் சான்றிதழ் கிடையாது.

சான்றிதழே பொருளாகிவிட்டால் நேரும் ஆபத்தையும் கண்டோம். பிளாஸ்டிக் மறுசுழற்சி செய்ததாகக் காட்டும் போலிச் சான்றிதழ்கள் லட்சக்கணக்கில் உருவாக்கப்பட்டிருந்ததை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2023-இல் கண்டறிந்தது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நட்டமில்லை. பிளாஸ்டிக் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆகவே ‘90 விழுக்காடு மறுசுழற்சி’ என்று எந்த அமைப்பு அறிவித்தாலும், எதில் 90, எந்த இடத்தில் நிறுத்தது என்று கேட்கப் பழக வேண்டும். வீடுகளில் சேகரித்த எடையா? தரம்பிரித்தபின் ஆலை வாசலுக்குப் போன எடையா? ஆலையிலிருந்து புதுப்பொருளாக வெளிவந்த எடையா? சேகரித்ததில் ஈரம், மண், உணவு மிச்சம், எவரும் வாங்காத உறைகள் எல்லாம் கலந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் பல நாடுகள் முதல் எடையையே மறுசுழற்சி என்று காட்டிவந்தன. 2019-இல் வகுத்த விதிகள், உண்மையான மறுசுழற்சிச் செயல்முறைக்குள் நுழையும் இடத்தில்தான் நிறுக்க வேண்டும் என்று தராசை நகர்த்தின. பொருள் மாறவில்லை, தராசு நகர்ந்தது. அதனாலேயே எண்கள் இறங்கின.

நம் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் வெளியிடும் அறிக்கைகளில் இதைச் செய்யப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. ‘மறுசுழற்சி’ என்று இப்போது இருக்கும் ஒரே பத்தியை ஐந்தாகப் பிரித்தால் போதும்: மறுபயன்பாட்டுக்குப் போனது, பழுதுநீக்கப் போனது, அதே தரத்தில் மறுசுழற்சியானது, தரமிறங்கியது, எரிக்கவோ சிமென்ட் ஆலைக்கோ சாலைக்கோ போனது. பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேடுகளைத் தோண்டிச் சலிக்கும்போது வெளிவரும் பிளாஸ்டிக் கந்தல்கள் இன்று எரிபொருளாகச் சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பப்படுகின்றன. அவை ஐந்தாவது பத்தியில் வரும். முதலிரண்டு பத்திகள் தொடக்கத்தில் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். வார்டுதோறும் பழுதுநீக்கும் கடைகள் எத்தனை, அவற்றுக்கு மாதந்தோறும் வரும் பொருள்கள் எத்தனை என்று சுகாதார ஆய்வாளர் ஒருமுறை எண்ணிவந்தால் அந்தப் பத்திகளும் நிரம்பத் தொடங்கும்.